‘வசிப்பவர்’ என்ற சொல்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இரண்டு சாலைகள். கடலை ஒட்டிப் போவது சுற்றுலாக்காரர்களுடையது. மற்றது பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே, சோழிங்கநல்லூர், சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர் என்று உள்வாங்கிப் போவது. அதற்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாற்றியாகிவிட்டது. ஜனங்களுக்கு இன்னும் அது பழைய மாமல்லபுரம் சாலைதான்; சுருக்கி ஓ.எம்.ஆர். என்கிறார்கள்.

இந்தச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றி நம் கவிஞர்கள் கொஞ்சமாக எழுதவில்லை. கண்ணாடி, லிஃப்ட், அடையாள அட்டை, இரவுப் பணி, தனிமை. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் உண்டாகும் லாபம் எந்த ஊரில் வசிக்கிறது என்ற கேள்வி நம் பக்கங்களுக்கு வந்ததில்லை. அது ஆடிட்டர்களின் விஷயம் என்று விட்டுவிட்டோம். அடிப்படையில் அது ஒரு சொல்லைப் பற்றிய கேள்வி. சொற்களோடு புழங்குகிறவர்கள் அதில் தலையிடுவதில் தவறொன்றுமில்லை என்று எனக்குப் படுகிறது.

நான் பாங்கில் குமாஸ்தா. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் தாள்கள் என் மேஜையையும் கடந்து போகும். அவற்றோடு ஒரு ஆடிட்டர் சான்றிதழ் வரும்: இன்ன நாட்டோடு இந்தியா செய்துகொண்ட உடன்படிக்கையின் இன்ன ஷரத்துப்படி இந்தத் தொகைக்கு வரி பிடிக்கத் தேவையில்லை, அல்லது குறைந்த விகிதத்தில் பிடித்தால் போதும். கூடவே, பணம் பெறுபவர் அந்த நாட்டில் ‘வசிப்பவர்’ என்று அந்த நாட்டு அரசாங்கம் கொடுத்த சான்று. ஒவ்வொரு ஏப்ரலிலும் இதே கவுண்டருக்கு வயதானவர்களும் வருகிறார்கள், நிரந்தர வைப்பின் வட்டியில் வரி பிடிக்காதீர்கள் என்று ஒரு படிவத்தை நீட்டிக்கொண்டு. தமக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லை என்று அவர்கள் வருஷந்தோறும் கையெழுத்துப் போட்டோ பெருவிரல் பதித்தோ சொல்லியாக வேண்டும். இரண்டு தாள்களும் கேட்பது ஒன்றைத்தான்: விலக்கு. ஒன்று தன் ஏழ்மையைச் சொல்லிக் கேட்கிறது. இன்னொன்று தன் முகவரியைச் சொல்லிக் கேட்கிறது.

வரிவிலக்கு என்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. பல்லவர்களின் ஆதிச் செப்பேடுகள் பிராகிருதத்தில் உள்ளவை. அவை பதினெட்டு வகைப் பரிகாரங்களோடு நிலத்தைக் கொடுப்பதாகச் சொல்லும். உப்புக்காக நிலத்தைத் தோண்டக்கூடாது, படைவீரர் நுழையக்கூடாது, வண்டிக்குக் காளை கேட்கக்கூடாது, வந்து தங்கும் அதிகாரிகளுக்குச் சோறும் தண்ணீர்ப் பானையும் கட்டிலும் கேட்கக்கூடாது. பிற்காலத் தமிழ்ச் செப்பேடுகளில் செக்கு, தறி, தரகு என்று பட்டியல் நீளும். பிரம்மதேயம் பெற்றவர்களின் சலுகைக்கு உழுதவர்கள் கொடுத்த விலையைப் பற்றி வேறு கட்டுரைதான் எழுத வேண்டும். இங்கே நான் கவனிப்பது ஒரு ஸ்தூலமான விஷயத்தை. அந்த விலக்குக்கு எல்லை இருந்தது. நாட்டார் நடந்துபோய்க் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டினார்கள். விலக்கு பெற்றவன் எங்கே இருக்கிறான் என்று மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும்.

கம்பெனிகள் வந்தபோது இது மாறியது. 1602இல் ஆம்ஸ்டர்டாமில் பங்குகள் திரட்டிப் பிறந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்துத் துணி வாங்கியது. அதன் செங்கல் கோட்டை இன்னும் நிற்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தைத் தாண்டிப் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். இங்கிலீஷ்காரர்கள் 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் மதராஸில் பெற்ற சாசனத்தின் சாரம் நிலம் மட்டுமல்ல, சுங்கமும்தான்: கம்பெனியின் சரக்குக்குச் சுங்கமில்லை, மற்றவர் சரக்கில் வசூலாகும் சுங்கத்தில் பாதி கம்பெனிக்கு. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையையே கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கொடுத்த சீமையைத் தாமே கம்பெனியிடம் குத்தகைக்கும் எடுத்தார். எந்த வரியை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று புரியாமல் போவதற்கான எல்லா ஏற்பாடும் அப்போதே இந்த மாவட்டத்தில் நடந்தாகிவிட்டது.

ஆனால் நம் விஷயத்துக்கு நேரான முன்னோடி வங்காளத்தில் இருக்கிறது. 1717இல் முகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் கொடுத்த பர்மானின்படி, வருஷத்துக்கு 3,000 ரூபாய் கட்டிவிட்டுக் கம்பெனி வங்காளத்தில் சுங்கமின்றி வியாபாரம் செய்யலாம். சரக்கோடு ‘தஸ்தக்’ என்ற சீட்டு போகும். சீட்டைப் பார்த்துச் சுங்கச்சாவடி விலகி நிற்கும். சலுகை கம்பெனிக்கு; கம்பெனி ஊழியர்களின் சொந்த வியாபாரத்துக்கு அல்ல. ஆனால் தஸ்தக்கை எழுதுகிறவர்களே ஊழியர்கள். தங்கள் சரக்குக்கு எழுதிக்கொண்டார்கள். பிறகு உள்ளூர் வியாபாரிகளுக்கு விற்றார்கள். கம்பெனியின் பெயரில் கொடுத்த விலக்கு, கம்பெனியின் பெயரைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கெல்லாம் ஆயிற்று. நவாப் மீர் காசிம் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. 1763இல் எல்லோருக்கும் சுங்கத்தையே ரத்து செய்தார். இந்தியனுக்கும் தனக்கும் சமமான விலக்கு என்பதைக் கம்பெனியால் சகிக்க முடியவில்லை. யுத்தம் வந்தது, 1764 அக்டோபரில் பக்ஸாரில் முடிந்தது.

ஒருவருக்குக் கொடுத்த சலுகையை அவர் பெயருக்குள் புகுந்து மற்றவர் அனுபவிப்பதை இன்றைய வரிச்சட்டக்காரர்கள் ‘உடன்படிக்கைக் கடைவீதி’ என்ற அர்த்தம் வரும் ஒரு தொடரால் குறிக்கிறார்கள். தஸ்தக் வியாபாரம் என்றே சொல்லலாம்.

இன்றைய உடன்படிக்கைகளின் பிறப்பு நேர்மையானதுதான். முதல் உலகப்போருக்குப் பின் வருமானவரி விகிதங்கள் ஏறின. ஒரு நாட்டில் சம்பாதித்து இன்னொரு நாட்டில் வசிப்பவனிடம் இரண்டு நாடுகளும் முழுவரி கேட்டன. சர்வதேச சங்கம் நான்கு பொருளாதார அறிஞர்களைக் கூட்டி 1923இல் அறிக்கை வாங்கியது. 1928இல் மாதிரி உடன்படிக்கைகள் தயாராயின. கேள்வி ஒன்றே: வருமானம் முளைத்த நாட்டுக்கா, பெற்றவன் வசிக்கும் நாட்டுக்கா, எதற்கு முன்னுரிமை? பணக்கார நாடுகளின் 1963ஆம் வருஷத்து மாதிரி வசிப்பிடத்தின் பக்கம் சாய்ந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் 1980 மாதிரி முளைத்த இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தது. மூலதனம் அனுப்பும் நாட்டுக்கு ஒரு இலக்கணம், வாங்கும் நாட்டுக்கு வேறு இலக்கணம். ஆனால் இரண்டிலும் ‘வசிப்பவர்’ என்ற எழுவாய் மாறவில்லை. மனிதனுக்கு வசிப்பிடம் உண்டு: அடுப்பு, படுக்கை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். கம்பெனிக்கு அடுப்பு இல்லை. அது எங்கே வசிப்பதாகச் சொல்லிக்கொள்கிறதோ அங்கே வசிக்கிறது.

1982 ஆகஸ்டில் இந்தியா மொரீஷியஸோடு ஒரு உடன்படிக்கை செய்தது. அடுத்த வருஷம் அமலுக்கு வந்தது. அதன் 13ஆம் ஷரத்து, மொரீஷியஸில் வசிப்பவர் இந்தியக் கம்பெனியின் பங்குகளை விற்று அடையும் மூலதன ஆதாயத்துக்கு வரி போடும் உரிமையை மொரீஷியஸுக்கே கொடுத்தது. மொரீஷியஸில் மூலதன ஆதாய வரி கிடையாது. இரட்டை வரியைத் தவிர்க்க எழுதிய ஷரத்து ஒற்றை வரியையும் தவிர்த்தது.

பத்து வருஷம் அது தூங்கியது. 1991இல் இந்தியச் சந்தை திறந்தது. 1992இல் அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் உள்ளே வரலாயின. அதே 1992இல் மொரீஷியஸ் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. இரண்டு உள்ளூர் டைரக்டர்கள், ஒரு பாங்குக் கணக்கு, ஒரு நிர்வாக அலுவலகத்தின் முகவரி, வசிப்பிடம் தயார். நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்த பணம், பன்னிரண்டு லட்சம் பேர் வாழும் தீவின் வழியாக வந்தது. 2000க்குப் பிந்தைய ஒன்றரைப் பதினாண்டுகளில் இந்தியாவுக்கு வந்த நேரடி அந்நிய முதலீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மொரீஷியஸிலிருந்து வந்ததாகக் கணக்கு.

மொரீஷியஸ் நமக்கு அந்நியமான பெயரல்ல. 18ஆம் நூற்றாண்டில் லாபோர்தொனே கவர்னராக இருந்தபோது போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போனார்கள். அதே லாபோர்தொனே 1746இல் அங்கிருந்து கப்பல்களோடு வந்து மதராஸைப் பிடித்தார். அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது அங்குள்ள தமிழர்கள் கிளர்ந்தார்கள்; நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. இலக்கிய நண்பர்கள் மத்தியில் இதைப் பெருமையோடு சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நோட்டில் தமிழ் எந்த வரியில் இருக்கிறது என்பதில் நமக்கு இவ்வளவு பிரக்ஞை. அந்த நாட்டின் பெயரால் எந்த வரி போகிறது என்பதில் ஏன் இல்லை? (சிலேடை தானாக வந்து விழுந்தது, மன்னிக்கவும்.)

2000ஆம் வருஷ ஆரம்பத்தில் சில வருமானவரி அதிகாரிகள் மொரீஷியஸ் முகவரியுள்ள முதலீட்டாளர்களிடம் ‘நீங்கள் உண்மையில் யார்?’ என்று கேட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். பங்குச்சந்தை சரிந்தது. ஏப்ரல் 13ஆம் தேதி நேரடி வரிகள் வாரியம் 789ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது: மொரீஷியஸ் அரசு கொடுக்கும் வசிப்புச் சான்றே போதுமான ஆதாரம். தஸ்தக்கைப் பார்த்தால் விலகி நில், சரக்கு யாருடையது என்று கேட்காதே. இதைச் சொன்னது கம்பெனி அல்ல, சுங்கச்சாவடியின் சொந்தக்காரர். ஆஸாதி பசாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு வழக்குப் போட்டது. ஓய்வு பெற்ற வருமானவரி அதிகாரி சிவகாந்த் ஜாவும் கூடச் சேர்ந்தார். 2002இல் டில்லி உயர்நீதிமன்றம் சுற்றறிக்கையைச் செல்லாது என்றது. 2003 அக்டோபர் 7ஆம் தேதி உச்சநீதிமன்றம் செல்லும் என்றது.

அந்தத் தீர்ப்பை ஒரு விமர்சனப் பிரதியாக வாசிக்கலாம். 1989இல் அமெரிக்காவோடு செய்த உடன்படிக்கையில், மூன்றாமவர் உள்ளே புகுந்து பயனடைவதைத் தடுக்கும் ஷரத்து தனியே இருக்கிறது. மொரீஷியஸ் உடன்படிக்கையில் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதாமல் விட்டதை நாம் எழுதிச் சேர்க்க முடியாது என்பது நீதிமன்றத்தின் வாசிப்பு. மூலதனம் வேண்டி நிற்கும் நாடு இத்தகைய தீமையைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலம் பி.ஏ. வகுப்பில் எங்களுக்குப் படைப்பாளியின் உத்தேசத்தைத் தேடாதே, பிரதியைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நீதிமன்றம் அதைத்தான் செய்தது. பிரதியைச் சரியாகவே வாசித்தது என்பது என் அபிப்பிராயம். இடதுசாரி நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அந்நிய மூலதனம் நம்மை ஏமாற்றியது என்று சொல்வது ஒரு சௌகரியமான கதை. இங்கே ஏமாற்றமே நடக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தவர்கள், திறந்திருப்பதை அறிந்தே இருபது வருஷம் திறந்து வைத்திருந்தார்கள்.

இனி நம் சாலைக்கு வரலாம். காக்னிஸன்ட் 1994இல் சென்னையில் தொடங்கியது. தலைமையகம் அமெரிக்காவில் நியூஜெர்ஸியில். சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் பெரிய வளாகங்கள். இந்தியக் கம்பெனியின் பங்குகளை வைத்திருந்தவை அதே குடும்பத்தின் அமெரிக்கக் கம்பெனிகளும், பெரும்பங்குக்கு ஒரு மொரீஷியஸ் கம்பெனியும். லாபத்தை டிவிடெண்டாகக் கொடுத்தால் கொடுக்கும் கம்பெனி அன்று பகிர்வு வரி கட்ட வேண்டும். பங்குகளைத் திரும்ப வாங்கினாலும் பணம் பங்குதாரரிடம் போய்ச் சேரும். 2013இலிருந்து அதற்கும் ஒரு வரி இருந்தது, ஆனால் கம்பெனிச் சட்டத்தின் ஒரு குறிப்பிட்ட பிரிவின் கீழ் வாங்கினால்தான். நீதிமன்றம் அங்கீகரிக்கும் ஏற்பாட்டுத் திட்டத்தின் கீழ் வாங்கினால் அந்த வரி வராது என்பது ஒரு வாசிப்பு. அந்த இடைவெளியை நிதிச் சட்டம் 2016 ஜூன் 1ஆம் தேதியிலிருந்து அடைத்தது.

காக்னிஸன்ட் மதராஸ் உயர்நீதிமன்றத்தின் அங்கீகாரத்தோடு, சுமார் 280 கோடி டாலருக்குப் பங்குகளைத் திரும்ப வாங்கியது 2016 மே மாதத்தில். அதே மே மாதம் 10ஆம் தேதிதான் இந்தியாவும் மொரீஷியஸும் 13ஆம் ஷரத்தைத் திருத்தக் கையெழுத்திட்டன. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளுக்கு இந்தியா வரி போடலாம், அதற்கு முன்னால் வாங்கியவற்றுக்கு விலக்கு தொடரும். ஒரே கம்பெனியின் பங்கு, ஒரே விலை. அமெரிக்காவில் வசிக்கும் பங்குதாரரின் ஆதாயத்துக்கு வரி உண்டு. அந்த வகையில் சுமார் 13.5 கோடி டாலர் கட்டப்பட்டது. மொரீஷியஸில் வசிக்கும் பங்குதாரருக்கு உடன்படிக்கைப்படி ஒன்றுமில்லை.

2018 மார்ச்சில் வருமானவரித் துறை விழித்துக்கொண்டது. இது பங்கு வாங்கியதல்ல, குவிந்த லாபத்தைப் பகிர்ந்தது. ஆகவே இன்னும் சுமார் 3,300 கோடி ரூபாய் வர வேண்டும் என்று பாங்குக் கணக்குகளை முடக்கியது. அன்றிருந்த சட்டப்படி கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டோம் என்றது கம்பெனி. 2023 செப்டம்பரில் வருமானவரித் தீர்ப்பாயம் துறையின் பக்கம் நின்றது. கம்பெனி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. யார் வெல்கிறார்கள் என்பது வேறு விஷயம். கவனிக்க வேண்டியது, துறை இந்த வழக்கில் ‘வசிப்பவர்’ என்ற சொல்லைத் தொடவில்லை என்பதை. அந்தச் சொல்லைச் சுற்றித் தன் அரசாங்கமே வேலி கட்டியிருந்தது. ஆகவே ‘ஆதாயம்’ என்ற சொல்லை ‘டிவிடெண்ட்’ என்று திருத்தப் பார்த்தது. எழுவாயை மாற்ற முடியாதபோது பயனிலையை மாற்றுவது.

பயனிலைச் சண்டை ஸ்ரீபெரும்புதூரில் இன்னும் முன்னதாகவே நடந்தது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த அந்த ஊரில் நோக்கியாவின் கைபேசித் தொழிற்சாலை 2006இல் ஓடத் தொடங்கியது. கைபேசிக்குள் இறக்கும் மென்பொருளுக்காக இங்குள்ள கம்பெனி ஃபின்லாந்திலிருக்கும் தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பியது. அது சரக்கின் விலையா, ராயல்டியா? சரக்கின் விலையென்றால், உடன்படிக்கைப்படி அந்த லாபம் ஃபின்லாந்தினுடையது. ராயல்டியென்றால் இங்கேயே வரி பிடித்திருக்க வேண்டும். 2013இல் துறை ராயல்டி என்றது, 2,080 கோடி ரூபாய் கேட்டது, சொத்துகளை முடக்கியது. 2014 ஏப்ரலில் நோக்கியா தன் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது முடக்கத்திலிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் வெளியே நின்றது. மைக்ரோசாஃப்ட் கொஞ்சநாள் ஒப்பந்தத்தில் கைபேசி வாங்கிவிட்டு நிறுத்திக்கொண்டது. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி இல்லை. பிளஸ் டூ முடித்ததும் வேலைக்கு வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். இருபத்தைந்து வயதுக்குள் விருப்ப ஓய்வு.

உடன்படிக்கையில் வசிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. தன் மீது தப்பாக வரி போட்டதாக நினைத்தால் அவர் தன் நாட்டு அதிகாரியிடம் முறையிடலாம். அந்த அதிகாரி மறு நாட்டு அதிகாரியோடு உட்கார்ந்து பேசித் தீர்ப்பார். பரஸ்பர இணக்க நடைமுறை என்று பெயர். நோக்கியா விவகாரம் அப்படித்தான் 2018இல் முடிந்தது. கம்பெனி இந்தியாவில் கட்டி முடித்த வரி சுமார் 1,600 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. அந்த அறையில் நடந்த பேச்சு தீர்ப்பாக எழுதப்படுவதில்லை, பிரசுரமாவதில்லை. மீர் காசிமின் சண்டையில்கூட கல்கத்தா கவுன்சிலின் குறிப்புகள் மிஞ்சின, சரித்திரக்காரர்கள் படிக்கிறார்கள். இங்கே மென்பொருள் சரக்கா ராயல்டியா என்று இரண்டு அரசாங்கங்களும் எந்த வார்த்தையில் ஒத்துப்போயின என்று வாசிக்க ஒரு தாள் கிடையாது. ஆலையில் வேலை பார்த்தவர்கள் அந்த அறைக்கு வெளியே என்று சொல்வதுகூடச் சரியில்லை. அந்த அறை திறந்தபோது அவர்கள் வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது.

இதற்கிடையில் இலக்கணத்தைத் திருத்தும் முயற்சிகள் நடக்காமலில்லை. 2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் பொதுவான வரித் தவிர்ப்புத் தடுப்பு விதிகள் அமலுக்கு வந்தன. ஒரு ஏற்பாட்டின் முக்கிய நோக்கங்களில் ஒன்று வரிச்சலுகைதான் என்றால் சலுகை கிடையாது என்று சொல்லும் திருத்தத்தில் இந்தியாவும் மொரீஷியஸும் 2024 மார்ச்சில் கையெழுத்திட்டன. உத்தேசத்தைத் தேடாதே என்ற விமர்சனக் கொள்கையை உடன்படிக்கைகள் கைவிடுகின்றன. நாற்பது வருஷம் கழித்து, ‘நீ ஏன் இங்கே வசிக்கிறாய்?’ என்று கேட்க அனுமதி.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை சில வருஷம் பூட்டிக் கிடந்தது. 2019இல் அதை சால்காம்ப் என்ற கம்பெனி வாங்க முன்வந்தது. கைபேசி சார்ஜர் செய்கிறவர்கள். அந்தக் கம்பெனி பிறந்தது ஃபின்லாந்தில், சாலோ என்ற ஊரில். அதே 2019இல் அதன் உடைமை ஒரு சீனக் கம்பெனிக்குப் போயிற்று.